தாத்தாவின் ஹெரால்டுக்கு இன்று என்ன விலை? பழைய கார் சந்தை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீட்டு ஷெட்டில் 1966ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று நிற்கிறது. அப்பா வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு டீக்கடை வரைக்கும் போனால், டீ ஆறுவதற்குள் யாராவது பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்கள். சிலர் வண்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக் கதையைச் சொல்வார்கள். பலர் கேள்வி கேட்பார்கள். இருபது வருடமாக நின்றபடியே சொல்லிவந்த பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

விண்டேஜ் என்கிறார்கள், கிளாசிக் என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

இல்லை. ஆனால் ஊருக்கு ஊர் கணக்கு மாறும். இங்கிலாந்தில் 1905க்கு முந்திய வண்டி ‘வெட்டரன்’; ‘விண்டேஜ்’ என்பது 1919 முதல் 1930 வரை வந்தவற்றுக்கு மட்டும். நம் நாட்டுக் கிளப்புகளில் 1939 வரைக்கும் வந்ததை விண்டேஜ் என்றும், அதற்குப் பிறகு வந்ததைக் கிளாசிக் என்றும் சொல்லிப் பழக்கம். உலகப் பழைய வாகனச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிவா, 30 வயது நிறைந்து, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படாமல், தன் காலத்துக்குரிய நிலையில் காக்கப்படும் வண்டியை வரலாற்று வாகனம் என்கிறது. இந்தியச் சட்டத்துக்கு வயதுக் கணக்கு 50. அதைப் பிறகு சொல்கிறேன். விற்பவர் வாயில் ‘விண்டேஜ்’ என்று வந்தால், எந்தக் கணக்குப்படி என்று கேளுங்கள். 1985 மாடல் பிரீமியர் பத்மினி காரையும் அந்தப் பெயர் சொல்லி விற்கிறார்கள்.

தாத்தாவின் கார் பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. என்ன விலை போகும்?

தங்கத்துக்கு இருப்பதுபோல இன்றைய நிலவரம் என்று ஒன்று பழைய காருக்குக் கிடையாது. ஒரே வருடம், ஒரே மாடல், பக்கத்துப் பக்கத்துத் தெருவில் நிற்கும் இரண்டு ஹெரால்டுகளுக்கு இடையில் விலை பல மடங்கு வித்தியாசப்படும். நான் நாலு விஷயம் கேட்பேன். ஆர்.சி. புத்தகம் இருக்கிறதா? அதிலுள்ள சேஸி (அடிச்சட்டம்) நம்பரும் இன்ஜின் நம்பரும் வண்டியில் இருப்பவையோடு ஒத்துப்போகின்றனவா? என்னென்ன கழன்று போயிருக்கிறது? வண்டி எந்த ஊரில் நின்றது?

கடைசிக் கேள்வியைப் பலர் அலட்சியம் செய்வார்கள். சென்னையில் கடலோரத்தில் நின்ற வண்டியும் கோயம்புத்தூர்ப் பக்கம் காய்ந்த காற்றில் நின்ற வண்டியும் ஒன்றல்ல. உப்புக்காற்று தின்ற ஃப்ளோரைப் புதிதாக வெட்டி ஒட்டுவதற்கு ஆகும் செலவில், ஓடுகிற இன்னொரு வண்டியையே வாங்கிவிடலாம்.

அடுத்தது, எண்ணிக்கை. அம்பாசடர் 2014 வரை தயாரானது. ஆகவே சாதாரண மாடலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் 1957இல் தொடங்கிய மார்க் 1 வண்டிகள் நல்ல நிலையில் சொற்பமே கிடைக்கும், அதற்குத் தேடி வருவார்கள். ஹெரால்டு அதைவிட நம்முடையது. இங்கிலாந்தின் ட்ரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது, சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் இருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் தயாரானது. அதற்குப் பின்னால் கஸெல், கடைசியாக ஸ்டாண்டர்ட் 2000. 1988இல் உற்பத்தி நின்றது. பிற்பாடு வந்த நான்கு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் தயாராகவே இல்லை, மதராஸில் மட்டும்தான் பிறந்தது. உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கார் நம் ஊரில் வந்தது என்பது இங்கே பலருக்குத் தெரியவில்லையே என்று எனக்கு நெடுநாளாக வருத்தம் உண்டு.

நன்றாகப் பெயின்ட் அடித்து, சீட் மாற்றி, பளபளப்பாக்கி விற்றால் கூடுதலாகக் கிடைக்காதா?

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைத்தான் நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

1998இல் எங்கள் ஹெரால்டை ஒரு பட்டறையில் விட்டேன். பெயின்ட் மங்கிப்போயிருந்தது, சீட்டில் ஒரு தையல் பிரிந்திருந்தது, அவ்வளவுதான். ‘புதுசு மாதிரி பண்ணித் தருகிறேன்’ என்றார் பட்டறைக்காரர். இரண்டு மாதம் கழித்துப் போனபோது வண்டி கண்ணாடிபோல் மின்னியது. உள்ளே பார்த்தேன். கம்பெனி சீட் துணி இல்லை, கதவு உட்பக்க அட்டை இல்லை. மீட்டரைச் சுற்றி இருந்த மரப்பலகையைப் பிடுங்கிவிட்டு ரெக்ஸின் ஒட்டியிருந்தார்கள். பழையவற்றைக் கேட்டால், குப்பையோடு போட்டுவிட்டோம் என்றார்கள். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், அப்பா சாவிக்கொத்து உரசி உரசித் தேய்ந்திருந்த ஒரு சின்னப் பள்ளம் அந்த மரத்தில் இருந்தது. அது எந்த விலைக்கும் திரும்பி வராது. வண்டியின் பழைய நிறம் இப்போது டிக்கி மேட்டுக்கு அடியில் ஒரு கையகலத்துக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது. யாராவது நல்ல ரசிகர் வந்தால் மேட்டைத் தூக்கி அதைத்தான் காட்டுகிறேன்.

சந்தையும் இதையே சொல்கிறது. பிரான்சின் மேற்குப் பகுதியில் ஒரு பண்ணைக் கொட்டகையில் பல பத்தாண்டுகளாகக் கிடந்த 60 கார்கள் 2014இல் வெளியே தெரியவந்தன. லாரித் தொழில் செய்த ரோஜெர் பையோன் என்பவர் சேர்த்தவை. பல துருப்பிடித்துக் கிடந்தன. பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு ஃபெராரி 250 ஜி.டி. கலிஃபோர்னியா ஸ்பைடர். ஒரு காலத்தில் நடிகர் அலென் தெலோன் வைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் பாரிஸ் ஏலத்தில் தூசியைக்கூடத் துடைக்காமல்தான் நிறுத்தினார்கள். 1 கோடியே 63 லட்சம் யூரோவுக்குப் போனது. புதுப்பிப்பதை யாரும் எப்போதும் செய்யலாம். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலை என்பது ஒரு தடவைதான்.

ஆகவே விற்க நினைப்பவர்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவி, எலிக்கூட்டை எடுத்துவிட்டு அப்படியே காட்டுங்கள். பிரேக் சரிசெய்யலாம், ஒயரிங் மாற்றலாம். உயிருக்கு ஆபத்தானதைச் சரிசெய்வது வேறு. கழற்றிய பொருள் எதுவானாலும் ஒரு மூட்டையில் கட்டி வண்டியோடே கொடுங்கள்.

பல பாகங்கள் மாறிவிட்ட கார் அதே கார்தானா?

இங்கிலாந்தில் நீதிமன்றம் வரை போன கேள்வி இது. 1929, 1930 இரண்டு வருடமும் பிரான்சின் லே மான் கார் பந்தயத்தில் வென்ற பென்ட்லி, ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர். பந்தயக் காலத்திலேயே சேஸி, இன்ஜின், பாடி என்று ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வந்தது. பின்னால் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், இது அசல் வண்டியே இல்லை என்று பின்வாங்கியது. 1990இல் நீதிபதி தந்த தீர்ப்பு: வண்டி ஒரே நாளில் கலைக்கப்பட்டு வேறொன்றாகச் செய்யப்படவில்லை, தொடர்ச்சியாக வாழ்ந்து வந்திருக்கிறது, ஆகவே இதுவே ஓல்டு நம்பர் ஒன்.

அந்தத் தொடர்ச்சி காகிதத்தில் இருந்ததால்தான் அப்படித் தீர்ப்பு வந்தது. நம் வீடுகளில் பழைய சர்வீஸ் பில்லை எல்லாம் போகி அன்றைக்குக் கொளுத்திவிடுகிறோம். 1972இல் கிளட்ச் பிளேட் மாற்றிய ரசீதுக்குக்கூட வாங்குபவரிடம் மதிப்பு உண்டு. கல்யாண ஆல்பத்தில் வண்டி நிற்கும் போட்டோ இருந்தால் அதற்கும் உண்டு.

வண்டி பார்க்கப் போகும்போது எதைப் பார்ப்பது?

நான் சட்டைப் பையில் ஒரு காந்தத்தை எடுத்துப்போவேன். பெயின்டில் கீறல் விழாமல் ஒரு துண்டு வேட்டித் துணியில் சுற்றியது. கதவின் கீழ்விளிம்பு, சக்கர வளைவு, டிக்கியின் ஓரம் என்று மெதுவாக வைத்துக்கொண்டே வந்தால், தகடு இருக்கும் இடத்தில் கச்சென்று பிடிக்கும். பட்டி அடித்த இடத்தில் கையை விட்டால் விழுந்துவிடும். போன வருடம் ஒரு ஃபியட்டின் கதவு அழகாக இருந்தது. அடிப்பக்கத்தில் ஒரு ஜாண் நீளத்துக்குக் காந்தம் எங்குமே நிற்கவில்லை. விரல் முட்டியால் தட்டிப் பார்த்தாலும் தெரியும்: தகடு கணீரென்று பேசும், பட்டி மரம்போல் அடைத்த சத்தம் தரும்.

அடுத்து மேட்டைத் தூக்கி ஃப்ளோரைப் பாருங்கள். ஹெரால்டுக்குத் தனிச் சேஸி. அதன் பக்கவாட்டுக் கைகள் துருவேறியிருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்க்க வேண்டும். வெளியே மின்னி, அடியில் உதிர்ந்த வண்டிகள் நிறைய.

பிறகு சேஸி நம்பரும் இன்ஜின் நம்பரும். ஆர்.டி.ஓ. ஆபீசில் நம்பர்மேல் காகிதம் வைத்துத் தேய்த்துப் பென்சில் பிரின்ட் எடுப்பதுபோல நீங்களே எடுத்துப் பாருங்கள். எழுத்துகள் ஒரே ஆழத்தில், ஒரே வரிசையில் இருக்க வேண்டும். சுற்றிலும் அரம் போட்டுத் தேய்த்த தடமோ, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்டோ தெரிந்தால் அட்வான்ஸ் கொடுக்காமல் வந்துவிடுங்கள். எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

ஆர்.சி. தொலைந்துவிட்டது, அல்லது இறந்துபோன தாத்தா பெயரிலேயே இருக்கிறது. என்ன செய்வது?

வாங்குபவர் தலையில் கட்டாமல் விற்பவரே முடித்துக்கொள்ள வேண்டிய வேலை இது. தொலைந்தால் போலீஸில் புகார் பதிந்து, படிவம் 26இல் நகல் ஆர்.சி.க்கு விண்ணப்பிக்க வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31. மற்ற வாரிசுகளின் சம்மதத்தையும் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள். வண்டிக்கு விலை வந்த பிறகு அண்ணன் தம்பிகளிடம் கையெழுத்துக் கேட்பது கடினம்.

பழைய மூன்றெழுத்து எண் கொண்ட பல வண்டிகளின் விவரம் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. முதலில் பதிவு செய்த ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்ப் பழைய பதிவுப் புத்தகமான பி ரெஜிஸ்டரில் தேடச் சொல்லிக் கேட்க வேண்டும். மாவட்டம் பிரிந்திருந்தால் புத்தகம் எந்த ஆபீசுக்குப் போனது என்று கண்டுபிடிப்பதே ஒரு வேலை. பொறுமையாகப் போனால் கிடைக்கும். ‘ஆர்.சி. இல்லை, ஆனால் பார்த்துக்கலாம்’ என்று எந்தப் புரோக்கர் சொன்னாலும் நம்பாதீர்கள், ஆர்.சி. இல்லாத கார் சந்தையில் உதிரி பாகங்களின் விலைதான் பெறும்.

வி.ஏ. பதிவு என்பது என்ன? எல்லோரும் எடுக்க வேண்டுமா?

2021 ஜூலையில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கொண்டுவந்த விதி. முதல் பதிவு நடந்து 50 வருடம் கடந்த, சேஸி, பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் செய்யாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘விண்டேஜ்’ வாகனம் என்று தனிப் பதிவு. மாநில எழுத்துக்குப் பிறகு ‘வி.ஏ.’ வரும், பிறகு இரண்டெழுத்து, நாலிலக்க எண். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். பத்து வருடம் செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம், அது பெரிய ஆறுதல். பழைய எண் வண்டியின் பாதி அடையாளம். தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லத்தில் நிற்கும் அம்பாசடரின் ‘4777’ஐ மாற்றிவிட்டால் யாருக்கு அது அந்தக் காராகத் தெரியும்?

ஆனால் ஒரு கட்டு உண்டு. இப்படிப் பதிவான வண்டியை அன்றாடம் ஓட்டக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது. கண்காட்சி, ராலி, ஆராய்ச்சி, பெட்ரோல் போட, பராமரிக்க என்று எடுக்கலாம். நீங்கள் தினமும் ஆபீசுக்கு ஓட்டும் ஆசையில் இருந்தால், சாதாரண ஆர்.சி.யை ஐந்து வருடத்துக்கொரு முறை புதுப்பித்து வருவதே வழி. 2025 ஆகஸ்டில் 20 வயது கடந்த கார்களுக்கு அந்தக் கட்டணம் 10,000 ரூபாய் ஆகிவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வாங்கி வரலாமா? இங்கிருந்து அனுப்பலாமா?

கொண்டுவருவதற்கு, 1950க்கு முன் தயாரானவை மட்டும் என்றிருந்த விதி 2025இல் 50 வயது நிறைந்தவை என்று தளர்ந்தது. ஆனால் சுங்கமும் மற்ற வரிகளும் சேர்ந்தால் கார் விலையையே தாண்டும். அனுப்புவது வேறு கதை. 1950க்கு முன் தயாரான கார்களையும் அவற்றின் பாகங்களையும் ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடு இருக்கிறது. சமஸ்தானங்களின் ரோல்ஸ் ராய்ஸ்களும் டெய்ம்லர்களும் கப்பல் கப்பலாக வெளியே போன பிறகுதான் இந்தக் கட்டுப்பாடு வந்தது. இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

முதலீடாக வாங்கலாமா?

தலைப்புச் செய்திகளைப் பார்த்து வாங்காதீர்கள். 2022 மே மாதம் ஸ்டட்கார்ட்டில் 1955ஆம் வருடத்து மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். உஹ்லன்ஹவுட் கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது, ஏறக்குறைய 1,100 கோடி ரூபாய். உலகில் அப்படி இருந்தவை இரண்டே இரண்டு. ஃபெராரி 250 ஜி.டி.ஓ. மொத்தம் 36, 2018இல் ஒன்று 4.84 கோடி டாலர். அதே மாடல் 1989இல் ஒரு கோடி டாலரைத் தாண்டிவிட்டு, சில வருடங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்தது என்பதை விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். அன்றைக்குக் கடன் வாங்கி வாங்கியவர்கள்தான் முதலில் விற்றார்கள்.

வரியும் உண்டு. சொந்த உபயோகப் பொருளை விற்றால் மூலதன ஆதாய வரி இல்லை என்று நம்பிப் பலர் இருக்கிறார்கள். மும்பையில் ஒருவர் 1931 ஃபோர்டு டூரரை 1983இல் 20,000 ரூபாய்க்கு வாங்கி, பின்னர் 21 லட்சத்துக்கு விற்றார். அதை அவர் சொந்த உபயோகத்துக்கு ஓட்டியதற்கு ஆதாரம் இல்லை, ஆகவே ஆதாயத்துக்கு வரி உண்டு என்று 2025இல் மும்பை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஓட்டுங்கள், ஓட்டியதற்கான பெட்ரோல் பில்லையும் சர்வீஸ் பில்லையும் வைத்திருங்கள்.

ஸ்பேர் பார்ட்ஸ் கிடைக்குமா?

ஹெரால்டின் 948 சி.சி. இன்ஜினுக்கும் பிரேக்குக்கும் இங்கிலாந்திலிருந்து இன்றும் புதுப் பாகம் வரும். நான்கு கதவு வண்டியின் பின்கதவும் அதன் கண்ணாடியும்தான் கிடைக்காது; இன்னொரு ஹெரால்டு உடைபடும்போது பழைய பாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ கண்ணில் பட்டால் உண்டு. அதனால் உடைக்கப்போகும் வண்டி பற்றிக் கேள்விப்பட்டால் கதவு, கண்ணாடி, அதைச் சுற்றிய ரப்பர் பீடிங் மூன்றையும் முதலில் வாங்கி வைப்பேன்.

இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துக்கொள்ளாது. இன்ஜினுக்குப் பெட்ரோல் இழுக்கும் பம்பின் டயாஃப்ரமும் (ரப்பர்ச் சவ்வு) பெட்ரோல் ஹோஸும் முதலில் போகும். எத்தனால் ஈரத்தை இழுப்பதால் டேங்கின் அடியில் துரு ஏறும், கார்புரேட்டர் ஜெட் அடைக்கும். ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கை வடித்துவிடுங்கள். எரியும் வாசனை, கசிவு வாசனை எது வந்தாலும் அன்றைக்கே பாருங்கள். பழைய கார்கள் தீப்பிடிப்பது ஹோஸிலிருந்துதான் பெரும்பாலும்.

யாழ்ப்பாணத்தில் நிறையப் பழைய கார் இருக்கிறதாமே?

இருந்தன. போர்க்காலத்தில் புது வண்டி வர வழியில்லை, பெட்ரோலும் இல்லை. ஆஸ்டின் ஏ-40களையும் மொரிஸ்களையும் கொஞ்சம் பெட்ரோலில் உசுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கத்தைய மெக்கானிக்குகளின் கைத்திறனால் உயிர் தப்பிய வண்டிகள் அவை. தெற்கே போகும் பாதை திறந்த பிறகு பல கைமாறிப் போய்விட்டன. அங்கே இன்னும் ஒரு ஆஸ்டின் சோமர்செட் வைத்திருப்பவரைச் சந்தித்தால், அது மண்ணெண்ணெய் குடித்த கதையை எழுதி வாங்கி வண்டியோடு வைக்கச் சொல்லுங்கள்.

கையில் பணம் குறைவு. எதில் தொடங்கலாம்?

மோட்டார் சைக்கிளில். மைசூர் ஜாவா, யெஸ்டி, திருவொற்றியூர்ப் பழைய புல்லட். ஆர்.எக்ஸ். 100க்கு இன்று இருக்கும் மோகத்தில் நம்பர் மாற்றி அடித்த வண்டிகள் நிறையச் சுற்றுகின்றன, பென்சில் பிரின்ட் எடுக்காமல் வாங்காதீர்கள்.

வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்க, கோவை அவிநாசி சாலையில் ஜி.டி. நாயுடு குடும்பத்தார் நடத்தும் கார் மியூசியத்துக்கும், வடபழனியில் 2023இல் திறந்த ஏ.வி.எம். மியூசியத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள்.

பல வருடம் நின்ற காரை பேட்டரி போட்டு உடனே ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாமா?

கூடாது. சுவரில் துரு ஒட்டிய சிலிண்டரில் பிஸ்டன் ரிங் உடைந்தால் இன்ஜின் போச்சு. பழைய பெட்ரோலை வடித்துவிடுங்கள், ஆயிலை மாற்றுங்கள். ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி, ஓட்டை வழியே ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு இரண்டு நாள் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் பிளக் இல்லாமலேயே, கியரை நியூட்ரலில் போட்டு, முன்பக்கம் கைப்பிடியைக் கொடுத்து மெல்லச் சுற்றுங்கள். இறுகி நின்றால் பலம் போடாமல் இன்னும் ஆயில் விட்டுக் காத்திருங்கள். ஒரு சுற்று முழுதாக, ஒரே சீராக வந்துவிட்டால் பிளக்கை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றிய ஒரு கேனிலிருந்து கார்புரேட்டருக்கு ஹோஸ் கொடுத்து முயற்சி செய்யலாம். பக்கத்தில் ஒரு வாளி மணல் இருக்கட்டும்.